விற்காத மீன்

அன்பு மகன் சூரியபிரகாஷுக்கு அம்மா முத்துத்தாய் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் ஆடுமாடுகளும் இங்கே சுகமாக இருக்கிறோம், நெதர்லாந்துக் குளிரில் நீயும் மருமகளும் அதேபோல் இருக்க வேண்டும். நம் கண்மாய்தான் சுகமில்லை. போனில் சொன்னால் சரிம்மா பார்க்கிறேன்ம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கச்சி பாண்டிச்செல்வி இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், முழுசாகப் படி.

பாண்டிச்செல்விக்குக் கப்பலூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல சேதி. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, அவள் தைலம் தேய்க்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார். மழை மோசமில்லை, நெல் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் வாசல் கதவைத் திறக்க முடியவில்லையப்பா. மதுரைக் கோழிக்கடைகளில் கழித்துப் போட்ட குடலும் இறகும் மினி லாரியில் வருகிறது, மீனுக்குத் தீனி என்று கண்மாயில் கொட்டுகிறார்கள். தண்ணீர் கரைத்த சாணி மாதிரி கிடக்கிறது. சோற்றைத் தட்டில் போட்டால் நம் கைக்கு முந்தி ஈ உட்காருகிறது. ஆடு வாங்க வந்த கோரிப்பாளையம் நைனா முகமது அண்ணன் கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தத் தண்ணியைக் குடிக்கிற ஆட்டை நான் யார் தலையில் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். நாற்றத்தால் பாதி, மீதி கரையில் நட்டிருக்கிற போர்டில் உன் போட்டோவைப் பார்த்து.

ஆமாம், உன் போட்டோதான், கோட்டும் சூட்டுமாக. பொதுவள மேம்பாட்டுக் குழு என்று போட்டிருக்கிறது, தலைவர் உன் சித்தப்பா அழகுபாண்டி. நம் கண்மாயைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சியைக் காட்டித்தான் கண்மாயைக் குழு பேருக்குக் குத்தகை வாங்கியிருக்கிறான். நம்ம பிள்ளையே எழுதியிருக்கு, இந்த ஊர் மீன் வருமானம் இல்லாமல் வீணாப் போகுதுன்னு எழுதியிருக்கு என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் புளுகுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பாண்டிச்செல்வி நீ எழுதிய அந்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடி எடுத்து, தமிழில் சொல்லிக் காட்டினாள். அப்படியேதான் இருக்கிறது.

எப்படி இப்படி எழுதினான் என்று ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நீ காலேஜ் பிள்ளைகளை அனுப்பி, கண்மாய் மீனில் உங்களுக்கு என்ன வருமானம் என்று வீடு வீடாகக் கேட்கச் சொன்னாய் இல்லையா? ஒத்தப் பைசா கிடையாது என்று ஊரே அய்யனார் மேல் சத்தியம் பண்ணியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத்தான் சொன்னேன். கண்மாய் மீனைக் காசுக்கு விற்ற வீட்டில் இந்த ஊர் கை நனைக்காது, அந்தப் பெருமையில் சொன்னோம். அந்தப் பிள்ளைகள் வெளியூர், அவர்களுக்குத் தெரியாது, போகட்டும். உனக்குமா தெரியாது? மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மீனை அமுக்குகிற ஊத்தாக்கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் குதித்தவன் நீதானே. கட்டிக்கொடுத்த பெண்கள் வீட்டுக்கும் படுத்துக் கிடக்கிறவர்கள் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தவனும் நீதானே. விற்காததெல்லாம் வீண் என்றால், நான் உனக்கு ஆக்கிப் போட்ட சோறும் வீண்தான். இம்புட்டுப் படித்து இதுதானா கற்றுக்கொண்டாய்?

போன வாரம் தண்ணீர் வற்றியது. வழக்கம்போல ஊர்சனம் ஊத்தாவோடு போனது. துண்டு வீச ஆளில்லை, காவலுக்கு ஆளிருந்தது. நம் பின்வீட்டுத் தங்கப்பொண்ணு, புருஷன் செத்த பிறகு ஒத்தையில் கிடந்து பிழைக்கிறவள், நாலு கெண்டையைப் பிடித்துவிட்டாள். அழகுபாண்டி அவள் கூடையைப் பிடுங்கிக் கரையில் கொட்டிவிட்டு, "காசு குடுத்து வாங்கிட்டுப் போ மதினி, இது இப்ப குழுச் சொத்து" என்றான். அவள் அவனிடம் மல்லுக்கு நிற்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். "ஒம் மகன் எழுதுனதுதானாமே முத்துத்தாயி, அப்ப நான் திருடியா?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே, ஆராய்ச்சிக்காரர் வீட்டுக்கு என்று பெரிய மீன் ஒன்றை அழகுபாண்டி கொடுத்துவிட்டான். கோழிக்குடல் தின்று கொழுத்த மீன். வாசல்படி தாண்ட விடாமல் திருப்பி அனுப்பினேன். தம்பி கொடுத்ததாச்சே என்று உன் அப்பா இழுத்தார். ச்சீ, அதைத் தின்கிற வாயும் ஒரு வாயா என்று கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

வருகிற திங்கட்கிழமை நாங்கள் பொம்பளைகள் எல்லோரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறோம். கழிவு கொட்டுவதை நிறுத்த வேண்டும், குத்தகையை ரத்துப் பண்ணி கண்மாயை ஊரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த மாசம் பெரிய சபையில் நம் ஊரைப் பற்றி நீ பேசப் போவதாக மருமகள் சொன்னாள். நன்றாகப் பேசு, ஆனால் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று பேசு. அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன். மறந்துவிடாதே. அனுப்பாவிட்டாலும் மனுப் போகும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மருமகளிடம் சிடுசிடுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அய்யனார் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

மனுவில் யார் யார் மேல் புகார் என்ற இடத்தில் பொம்பளைகள் அழகுபாண்டியை மட்டும் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். உன் பேரையும் எழுதச் சொன்னேன். இன்னார் மகன் என்றும் போட வேண்டுமாம். உன் அப்பா தன் பேர் வேண்டாம் என்று பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டார். என் பேரைப் போடச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
முத்துத்தாய்