மன்னிப்புக் கேட்டவள் நானல்ல

ஜெலுத்தோங், பினாங்கு
ஜூன் 3

அன்புள்ள கோகுலன் அண்ணனுக்கு,

பிரமிளா எழுதுகிறேன். பெர்த்தில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மெயிலில் பேசிக்கொண்டிருப்பவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று குழம்பியிருப்பீர்கள். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். அதுவரை கைப்பேசியில் எதையும் அழுத்த வேண்டாம்.

போன வாரம் டிக்கெட்டுக்குப் பணம் கேட்டு என் பெயரில் உங்களுக்கு வந்த மெயிலை நான் எழுதவில்லை.

கோலாலம்பூரில் நடக்கப்போகும் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதிக்கு ஒரு டிக்கெட் வாங்கியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு மெயில். உங்கள் இருக்கை உறுதியாகவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் ரத்தாகிவிடும் என்று இருந்தது. அதே சின்னம், அதே நிறம். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். இருக்கை போய்விடுமே என்ற பதற்றத்தில் அதிலிருந்த இணைப்பை அழுத்தி, கேட்ட இடத்தில் என் மெயில் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டேன். மறுநாள் என் மெயில் எனக்கே திறக்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் ரோஹானாதான் கணக்கை மீட்டுக் கொடுத்தாள். அதற்கு இரண்டு நாளாகிவிட்டது. பிறகு இரண்டு மெயில்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். உண்மையானதில் என் முழுப்பெயரும் ஆர்டர் எண்ணும் இருந்தன. மற்றதில் ‘அன்பான ரசிகரே’ மட்டும்தான். அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து கூடுதல். டிக்கெட் விற்கிறவனுக்கு உன் மெயில் கடவுச்சொல் எதற்கு, நேரே அவர்களுடைய ஆப்பைத் திறந்து பார்த்திருக்கலாம்லா என்றாள். திறந்து பார்த்தேன். என் டிக்கெட் பத்திரமாகவே இருந்தது.

அந்த இரண்டு நாளில் அந்தத் திருடன் எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதியிருந்தான். உங்களுக்கும். நாம் முன்பு எழுதிக்கொண்டது போலவே ஆங்கிலத்தில். ‘அண்ணே, இத்தனை நாள் தொடர்பில் இல்லாததற்கு மன்னித்துவிடுங்கள். டிக்கெட் வாங்க அவசரமாக எண்ணூறு மலேசிய வெள்ளி பணம் வேண்டும்.’ எல்லோருக்கும் இதே வரிகள்தான். அழைக்கும் முறைதான் மாறியிருந்தது. உங்களுக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

உங்கள் பதிலைப் படித்தேன். அரை மணி நேரத்தில் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். மன்னிப்பெல்லாம் எதற்கும்மா, பதினான்காம் தேதி வருகிறேன், சேர்ந்தே ஆட்டம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக நான் காத்திருந்த பதில் அண்ணே. எனக்கு முன்னால் அவன் படித்துவிட்டான்.

கைப்பேசி உடைந்துவிட்டது, இனி இந்தப் புது முகவரிக்கு எழுதுங்கள், என் பெயரில் வேறு யார் வந்தாலும் நம்பாதீர்கள் என்று உங்களை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அங்கே என்ன கேட்டான், நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் எண்ணைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பே தடுத்துவிட்டீர்கள். ரோஹானா எண்ணிலிருந்து செய்தி போட்டேன். ‘என் தங்கை என்னிடம் பேசிவிட்டாள், வேறு யாரையாவது ஏமாற்று’ என்று பதில் வந்தது. பிறகு அந்த எண்ணிலிருந்தும் அழைப்பு போகவில்லை. அதனால்தான் இந்தக் கூரியர். மூன்று நாளாகுமாம்.

இது நான்தான் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவை எரித்த மறுநாள்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். மயானத்துக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள்: “இனி எனக்குத் தங்கை இல்லை.” அங்கே நாம் இருவர்தான் இருந்தோம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதியதில்லை. திருடனுக்குத் தெரிய வழியில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் உங்களை அழைக்க வேண்டாம் என்றது அம்மாதான். புது வேலை, பதறிக்கொண்டு ஓடிவருவான் என்றார். அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் கோபம் அம்மா மேல் போயிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் நான் அழைத்திருக்க வேண்டும். அது என் தப்பு. அதற்கு இப்போது நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் முதலில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அட்டையின் பின்பக்கம் இருக்கும் எண்ணை அழையுங்கள். மெயிலில் வந்த எண் எதுவும் வேண்டாம். பிறகு என் எண்ணுக்கு ஒரு முறை அடியுங்கள். பேசாமல் வைத்துவிட்டாலும் சரி.

விமான டிக்கெட் நிஜமாகவே வாங்கியிருந்தால் ரத்து செய்துவிடாதீர்கள் அண்ணே. ஆட்டத்துக்கு என்னிடம் ஒரே ஒரு இருக்கைதான் இருக்கிறது. அதில் நீங்கள் உட்காருங்கள். முடிந்து நீங்கள் வரும் வரை நான் வெளியே நிற்கிறேன்.

இந்தக் கடிதம் நேரத்தோடு உங்கள் கையில் சேரக் கடவுள் துணையிருக்கட்டும்.

உங்கள் தங்கை,
பிரமிளா