அடுப்படி நிலையில் இருந்த கோடு

அன்புச் சின்னவளுக்கு, அம்மா ஆசையோட எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், உங்கப்பா முட்டியைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நோய்நொடி இல்லாம இருக்கணும்.

நம்ம ஆத்துக்குக் கரைச்சுவர் கட்டப் போறாங்கடி. இது ஆறா சாக்கடையான்னு கிண்டல் பண்ணுவியே, அதுக்குத்தான். புது இன்ஜினியர் பொண்ணு, முன்னே வெள்ளம் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு தெருவுல நாலு பேரை விசாரிச்சுட்டு, இடுப்பளவு போதும்னு சொல்லிட்டா. உங்கப்பாவுக்குப் பொறுக்கல. முப்பது வருஷம் முகத்துவாரத்துல கடல் ஏறினா ஷட்டரை இறக்கி, வடிஞ்சா தூக்கி விட்டவராச்சே. உன் ஏழு வயசுல மழையும் கடலும் ஒண்ணா வந்து, ஆத்துத் தண்ணி போக வழியில்லாம நம்ம தெருவுக்குள்ள திரும்பினதை அவகிட்ட சொன்னார். ஆதாரம் இருக்கான்னு கேட்டா. ஆபீஸ் ரெஜிஸ்டரெல்லாம் அந்த வெள்ளத்தோடயே போயாச்சு. அடுப்படிக் கதவு நிலையில ஆணியால கீறி வச்சிருக்கேன்னு ஜம்பமா கூட்டிட்டு வந்தார், பார்த்தா நிலை பளபளன்னு நீலமா நிக்குது. போன வருஷம் நீ வரேன்னதும் நான் பெயின்ட் அடிச்சது, நீயும் வரல. வீட்டுல எது என்ன நிறம்னு அந்த மனுஷன் என்னிக்குப் பார்த்திருக்கார்! ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நானும் உப்புத்தாள் வாங்கி வந்து, கை வீங்கற வரைக்கும் தேய்ச்சேன். மூணாம் நாள் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, உன் மூணு வயசு, அஞ்சு வயசு, ஏழு வயசு, அப்பா உன்னை நிக்க வச்சுக் கீறினதெல்லாம். அதுக்கு மேல நாலு விரல் தள்ளி அந்த நீளக் கோடு. அந்தப் பொண்ணு டேப் வச்சு அளந்தா, பிளானை மாத்தறேன்னுட்டுப் போனா.

அந்த நீளக் கோடு உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வருஷம் நீ எட்ட வேண்டிய உயரம்னு சொல்லி வச்சிருந்தேன், நீயும் அதுக்காகவே தட்டுல ஒரு பருக்கை விடாம சாப்பிடுவ. அது உனக்குப் போட்ட கோடு இல்லடி கண்ணு, தண்ணி நின்ன கோடு. நீ பயந்துடுவியேன்னு தண்ணி இடுப்பளவுதான்னு பொய் சொன்னேன், சொல்லிச் சொல்லிப் பழகின வாய், இன்ஜினியர் கேட்டப்பவும் அதையே சொல்லித் தொலைச்சுது. அவ விசாரிச்ச நாலு பேர்ல நானும் ஒருத்தி, அப்பாகிட்ட சொல்லிடாதே. வெள்ளம் வந்த அன்னிக்கு நீ அவர் தோள்ல தூங்கிட்டிருந்தே. எட்டு வயசுல கோட்டைத் தாண்டிட்டேன்னு நீ குதிச்சப்போ, அவர் வாசல்ல போய் நின்னு அழுதார், ஏம்ப்பான்னு கேட்டே, கண்ணுல தூசின்னார்.

இனி நீ வந்தாலும் வராட்டாலும் பெயின்ட் கிடையாது. குட்டிப்பயலை ஒரு தரம் கூட்டிட்டு வா, அவனையும் நிலையில நிக்க வச்சுப் பார்க்கணும். எல்லாரும் நிறைஞ்சு வாழுங்க.

உப்புத்தாள் பிடிச்ச கையோட,
உன் அம்மா