பின்கதவு இல்லாத கார்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு டாக்டரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு மதியமே வீடு திரும்பிவிட்டேன். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் மகனோடு குடியேறிவிட்டபின் எனக்கு வாய்த்தது இதுதான்: கூப்பிட்டவர்களுக்கு, கூப்பிட்ட நாளில், அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுப்பது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்த கை இப்போது வாரத்துக்கு நாலு ஸ்டீயரிங் பிடிக்கிறது.

சாயங்காலம் பாப்பா ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நம்ம ஒரு கார் வாங்கறோம். சின்னது. கரண்ட்ல ஓடறது" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாகச் சேர்த்திருக்கிறாளாம். மீதிக்கு பேங்கில் கடன் தருகிறார்களாம். எதை வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். "கார் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

இவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஊரார் காரைத் துடைச்சது போதும். இனிமே நம்ம காரைத் துடைங்க" என்றாள். என் மனைவி நல்ல செய்திக்கும் ஒரு குட்டு வைத்துத்தான் அனுப்புவாள்.

சந்தோஷப்பட வேண்டும். எனக்குக் கூச்சம்தான் வந்தது. மகள் காசில் அப்பனுக்குக் கார். இதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது? தெரியவில்லை. ஆனால் கூசுகிறது.

மார்ச் 5, வியாழன்

பாப்பா குறித்து வைத்த மூன்று வண்டிகளைப் பற்றிப் போனில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வித்தை எதுவும் இங்கே செல்லாது. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, ஆயில் மாற்ற வேண்டாம். சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். ஊமை வண்டியிடம் எதைக் கேட்பது?

முதலாவது, நாலு கதவு வண்டி. அழகுதான். பத்து லட்சத்துக்கு மேலே போகிறது, நமக்கு எட்டாது. இரண்டாவது, யாரோ ஓட்டிவிட்டு விற்பது. விலை பாதி. ஆனால் பேட்டரி களைத்துப்போயிருக்கிறது. முழுக்கச் சார்ஜ் ஏற்றினாலும் முன்பு போன தூரத்தில் பாதிதான் போகுமாம். அதை மாற்றப் போனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்றாவது, இரண்டே கதவு உள்ள குட்டி வண்டி. நாலு பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறார்கள். பின்னால் உட்காரும் இருவரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குட்டிக்கே இரண்டு விலை. பேட்டரியோடு வாங்கினால் ஏழே முக்கால் லட்சம். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் ஐந்தேகால்தான். ஆனால் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வாடகை கட்ட வேண்டும். ஐந்தேகாலைப் பார்த்ததும் பாப்பாவின் முகம் மலர்ந்தது. அவள் வேலைக்குப் போய்வருவது, இவளை டாக்டரிடம் கூட்டிப்போவது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் வாடகையாகவே ஒரு பேட்டரியின் விலையைக் கட்டியிருப்போம். கையில் பேட்டரியும் இருக்காது.

"சொந்தமாவே வாங்கு" என்றேன்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் நீங்க வேணும்" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

அடுத்த தெரு மீசையிடம் படத்தைக் காட்டினேன். அவனும் டிரைவர்தான். "அண்ணே, இது காரா, இல்ல காரு போட்ட குட்டியா? கப்பல் கப்பலா ஓட்டிட்டு இதுக்குள்ள எப்படிண்ணே உட்காருவீங்க?" என்றான்.

நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். பாப்பா இரண்டு வருடம் சேர்த்த பணத்தைப் பார்த்துச் சிரித்தேன். சீ.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஷோரூமுக்குப் போனோம், நானும் பாப்பாவும். நான் வழக்கம்போல வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். வெளியே போக எனக்கு வேறு என்ன உடுப்பு இருக்கிறது? விற்பனையைக் கவனித்தவர் நாற்பது வயதுப் பெண்மணி, சுறுசுறுப்பானவர். பாப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம், "மேடம் எவ்வளவுக்குள்ள பாக்கறாங்க அண்ணே?" என்று கேட்டார்.

'நான் இவளோட அப்பா.' இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் வாயில் வந்தது வேறு.

"மேடத்துக்கு டவுனுக்குள்ள ஓட்டச் சின்னதா ஒண்ணு வேணும். நான் டிரைவர்."

பாப்பா திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அதைச் சொன்னதும் எனக்கு உயிர் வந்துவிட்டது, அதுதான் கேவலம். முதலாளிக்காகப் பேரம் பேசும்போது நான் சிங்கம். எனக்காக ஒரு சட்டைக்குப் பேரம் பேசச் சொன்னால் எலி. இன்றைக்குச் சிங்கம்தான். "இந்த விலைக்கு எங்க மேடம் சம்மதிக்க மாட்டாங்க" என்றேன். வண்டிக்குள் போடுகிற மிதியடி சும்மா வேண்டும் என்றேன். வீட்டில் சார்ஜர் மாட்டுகிற செலவு உங்களுடையது என்றேன். இன்சூரன்ஸை நீங்கள் சொல்கிற இடத்தில்தான் போட வேண்டுமா என்று கேட்டேன். "ஒரு சார்ஜுக்கு இருநூத்தி முப்பது கிலோமீட்டர் போகும்ண்ணே" என்றார். "அது பேப்பர்ல. ரோட்டுல?" என்றேன். அவர் சிரித்து, "நூத்தி எழுபது" என்று ஒத்துக்கொண்டார். ஏழே முக்கால் ஏழரைக்கு இறங்கியது. பாப்பா வாயே திறக்கவில்லை. பெரிய இடத்து அம்மாக்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அந்தப் பெண்மணி நினைத்திருப்பார்.

ஓட்டிப் பார்க்க வெளியே வந்தோம். பழக்கதோஷம், பாப்பாவுக்குப் பின்கதவைத் திறந்துவிட ஓடினேன். கதவு இருந்தால்தானே! கை வெறும் தகட்டைத் தடவியது. பாப்பா முன்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. என் இடது கால் மட்டும் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண்மணி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, எப்படியாவது இங்கயே புக் பண்ண வைங்க. உங்களுக்கு ஒரு பத்தாயிரம் உண்டு" என்றார். முதலாளியைக் கூட்டிவரும் டிரைவருக்கு ஷோரூமில் காசு கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் காசு வண்டி விலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் என்பதும் தெரியும். நான் தலையை ஆட்டினேன். சரி என்றும் இல்லாமல் வேண்டாம் என்றும் இல்லாமல் ஓர் ஆட்டு.

திரும்பினால் பின்னாலேயே பாப்பா நிற்கிறாள்.

பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னேன் பாப்பா" என்று நான்தான் ஆரம்பித்தேன். அது பொய். பேரமெல்லாம் பிறகு வந்தது. டிரைவர் என்று சொன்னபோது பேரத்தைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை.

"விலையை விடுங்கப்பா. என்னை மகள்னு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? உங்கப்பா என்ன வேலைன்னு பள்ளிக்கூடத்துல கேட்டப்போ ஒரு நாளாவது நான் முழுங்கியிருக்கேனா? சத்தமாத்தானே சொன்னேன்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வண்டி வேண்டாம். பணம் பேங்க்லயே கிடக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள்.

இவளாவது எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். "பிள்ளை ஆசையாக் கொண்டுவந்து முன்னாடி வச்சுது. நீங்க தட்டி விட்டுட்டீங்க" என்றாள். அதோடு சரி.

எனக்கு என்னதான் வந்துச்சு? வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா? அந்தம்மா என்னைக் கேட்டா நான் பாப்பாவைக் காட்டிட்டுப் பேசாம இருந்திருக்கலாமே. அந்தப் பளபளக்கிற தரையில, காசு கொடுத்து வாங்கறவனா நிக்க எனக்குத் தெரியலை, பாப்பா. வண்டிக்குப் பக்கத்துல நிக்கத்தான் தெரியும். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னாலும் பெத்த பிள்ளையை மேடம்னு கூப்பிட்டது இல்லைன்னு ஆயிடுமா?

மார்ச் 12, வியாழன்

அந்தப் பத்தாயிரம். மகள் பணத்தில் அப்பனுக்குத் தரகு.

மார்ச் 14, சனி

பீரோவைக் குடைந்து கோடு போட்ட சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தேன். மைத்துனன் எப்போதோ எடுத்துக் கொடுத்தது, தோள் கொஞ்சம் இறுக்கம். போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை உள்ளே இருந்து அந்தப் பெண்மணியே பார்த்துவிட்டு, "வாங்கண்ணே! மேடம் என்ன சொன்னாங்க?" என்றார்.

"மேடம் இல்லீங்க. அது என் மகள். நான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன். வண்டி எங்களுக்குத்தான். எனக்குத் தரேன்னீங்களே, அதை விலையில கழிச்சிடுங்க."

அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. எனக்குக் காது சுட்டது. யாருக்கு அதிகம் வெட்கம் என்று போட்டி வைத்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்... சார்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சிங்கம் ஓடிப்போய்விட்டது. ஜன்னல் மேல் மாட்டுகிற மழை மறைப்பும் சும்மா கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், அவர் "டீ சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டதற்குக்கூடப் "பரவாயில்ல மேடம்" என்று எழுந்து நிற்கப் பார்த்தேன். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் என்று அச்சடித்துக் கொடுத்தார்.

வீட்டில் பாப்பா முன்னால் அந்தத் தாளை வைத்தேன். படித்தாள்.

"என்னன்னு சொன்னீங்க?"

"நீ என் மகள்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சார்னாங்க."

தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "என்னென்ன நிறத்துல இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

"நிறம்கூடக் கேக்காமலா வந்தீங்க? என்னப்பா நீங்க!" என்றாள். அது பழைய பாப்பாவின் குரல். ஆனாலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வண்டி வந்தது. வெளிர்பச்சை. மீசை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமாண்ணே?" என்றான்.

பாப்பா நீட்டிய தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் வண்டி என் பேரில் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தாய் என்று பாப்பாவைக் கேட்டேன். "அப்பத்தான் இது யார் வண்டின்னு நீங்க மாத்திச் சொல்ல முடியாது" என்றாள். இவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். துடைக்க அதில் ஒரு தூசி இல்லை.

ஏப்ரல் 11, சனி

நட்சத்திர ஓட்டல். பாப்பாவின் பரிசோதனைக் கூடம் தொடங்கிப் பத்து வருடம் ஆனதற்கு விருந்து வைக்கிறார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, பின்பக்கம் வந்து மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். நல்ல இடம், காற்று வருகிறது. சீட்டைச் சாய்த்து, உள்விளக்கைப் போட்டு டைரியை எடுத்தேன். வண்டிக்குள் உட்கார்ந்து எழுதி எத்தனை நாள் ஆயிற்று!

பக்கத்துப் பெரிய வண்டியின் டிரைவர் வந்து குனிந்து பார்த்தார். "யார் வண்டிண்ணே?" என்றார். "என்னோடது" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு போகுது?" என்றார். நூற்றி எண்பது என்றேன். பத்து கூட்டித்தான் சொன்னேன். நம் வண்டியை நாமே குறைத்துச் சொல்லலாமா? விலை கேட்டார், பேட்டரி வாடகைக் கணக்கையும் விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஓட்டல் ஆள் வந்து, டிரைவர்களுக்கெல்லாம் பின்னால் சாப்பாடு போடுகிறார்கள் என்று சீட்டு கொடுத்தார். இருவரும் சேர்ந்து போய்ச் சாப்பிட்டோம். சோறு கொஞ்சம் ஆறியிருந்தது, மற்றபடி குறை சொல்ல முடியாது. கை கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். உள்ளே இன்னும் பாட்டுக் கேட்கிறது. இவர்கள் முடித்து வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் ஒரு தூக்கம்கூடப்...

போன். பாப்பாதான் கூப்பிட்டாள்.

"எங்கப்பா போனீங்க? உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சுட்டு நானும் அம்மாவும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கோம். எங்க லேப் டாக்டர் உங்களைப் பாக்கணும்னு ரெண்டு தரம் கேட்டுட்டாங்க."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இடம் கிடைக்கல பாப்பா. இப்பத்தான் நிறுத்தினேன். இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

வயிறு முட்ட நிறைந்திருக்கிறது. இன்னொரு முறை முழுக்கச் சாப்பிட வேண்டும். பசிக்கிறவன் மாதிரி சாப்பிட வேண்டும்.