கறுக்காத திராட்சை

மதினி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல தள்ளுவண்டிப் பன்னீர் திராட்சையைப் பார்த்தாலே இப்ப எனக்கு முகம் கூசுது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. நீங்க வச்ச கொடி பழுத்து நின்ன பிறகும், கறுக்கட்டும் கறுக்கட்டும்னு இருபது நாள் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். விதையுள்ள திராட்சைன்னா கறுத்தாத்தானே பழம்? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இத்தாலியில ஒரு தீவுல கிழவியம்மா ஒருத்தியைப் பார்த்துக்கிற வேலையை முடிச்சு நீங்க ஊருக்கு வந்தப்ப, நான் சென்ட்டு பாட்டிலுக்குக் காத்திருந்தேன். நீங்க ஈரத்துணியைப் பிரிச்சு ஒரு குச்சியைக் காட்டினீங்க.

"இதுக்குப் பேரு கிரில்லோ. வெள்ளை வைன் போடுற திராட்சை. அந்தத் தீவுலயும் நம்ம ரெட்டியபட்டி வெயிலுதான். அசராது."

"விறகுக் குச்சிக்கா மதினி ப்ளேன் டிக்கெட்டு?"

"காய்க்கட்டும்டி. அப்பவாவது உன் வாய் மூடுதான்னு பாப்போம்."

குளிச்ச தண்ணியைத் திருப்பிவிட்டே வளத்தீங்க. காய்க்கிறதுக்கு முன்ன கண்ணை மூடிட்டீங்க.

போன கார்த்திகையில கொத்துக் கொத்தாத் தொங்குச்சு. பச்சை வெளிறி மஞ்சளாச்சு, தோல்ல தவிட்டுப் புள்ளி விழுந்துச்சு. கறுக்கல. நோவுன்னு நினைச்சு வேப்பெண்ணெய் கரைச்சுக்கிட்டிருந்தேன். அண்ணன் அருவாளோட வந்தாக.

"பழுக்காத கொடிக்கு எதுக்குத் தண்ணி? வெட்டிட்டு முருங்கை வைக்கேன்."

உங்க கையால வச்சதுல மிச்சம் அது ஒண்ணுதான். பதறிப்போயி, அவுகளை நிறுத்த வேற வழி தெரியாம ஒண்ணைப் பிச்சு அவுக வாயில திணிச்சேன்.

மென்னாக. விதையை உள்ளங்கையில துப்பிப் பார்த்தாக.

"இது பழம்டி. வெள்ளையாத்தான் இருக்கும்னு அவ சொன்னா. நாந்தான் காதுல வாங்கல."

அருவாளைக் கீழ வச்சுட்டு இன்னொண்ணு பிச்சாக.

நானும் தின்னேன். எலுமிச்சை மாதிரி ஆரம்பிச்சு, தேனா மாறி, கடைசியில நாக்கு லேசா உப்புக் கரிச்சுது. இது நல்லாருக்கா, இல்லையா? நீங்க இருந்தா கேட்டிருப்பேன். இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. அதுக்கப்புறம் எந்தக் கடையில எதைப் பார்த்தாலும், காயா பழமான்னு குழம்பி நிக்கேன். நீங்க எனக்கு விட்டுட்டுப் போன சொத்து அதுதான் மதினி.

மிச்சப் பழத்தைப் பிழிஞ்சு, சீனி போட்டு, கிறிஸ்துமஸுக்கு வைன் வச்சேன். அண்ணன் பூசைக்குக் கிளம்புறப்ப மூடியைத் திறந்தேன். பொங்கிச்சு. பாதி அவுக சட்டையில. மாத்த நேரமில்ல. கோயில்ல எல்லாரும் முழங்கால் போட்டிருந்தப்ப அண்ணன் மட்டும் விருட்டுன்னு எந்திரிச்சாக. சாமியார் நிறுத்திட்டு என்னன்னு கேட்டாரு. "எறும்பு சாமி"ன்னாக. அப்புறம் பூசை நடந்துச்சு.