உன் அம்மா எனக்குக் கட்டிய கருப்பு ரிப்பன்

சேசு மரி சூசை துணை

காலடிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் டெபோராவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை சாவியோவும் குட்டிப் பயலும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். தினம்தான் போனில் பேசுகிறோமே, இவருக்கு எதற்குக் கடுதாசி என்று நீ நினைப்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறாள், அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் இடமில்லை. என்னோடு ஹார்பரில் வேலை பார்த்த அருள்பிரகாசத்தின் மகன் வருகிற வாரம் அங்கே புறப்படுகிறான், நெத்திலிக் கருவாடும் மிளகாய்த்தூளும் அவனிடம் கொடுத்தனுப்புகிறோம், அந்தப் பைக்குள் இதையும் சொருகிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

இதை ஆரம்பித்து வைத்ததே நீதான் மகளே. இந்த அயர்லாந்தில் நர்சாக இருக்கிறவள் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள், நீயும் நர்சுதானே, புதுசாக ஏதாவது படி என்று அம்மாவை நச்சரித்தாய். மழைக்காலத்தில் ஒரு நாள் எண்ணூர்ப் பக்கமிருந்து கெமிக்கல் நாற்றம் வந்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் வாந்தியுமாக ஓடினார்களே, அதற்குப் பிறகு அம்மாவின் ஆஸ்பத்திரியிலேயே அவசர சிகிச்சைப் பயிற்சி என்று ஒன்று தொடங்கினார்கள். அம்மா பெயர் கொடுத்தாள். சமையல் முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படிப்பாள், எனக்கும் பெருமைதான், கோயில் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இதில் தேறுகிறவர்கள்தான் கேஸ் கசிந்தால் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டுமாம். ஊரே ஓடும்போது உன் அம்மா மட்டும் அங்கே நிற்பாள். அன்றைக்குப் பிடித்த பயம் டெபோரா, இன்னும் என்னை விடவில்லை. வாடைக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துகிறேன். பக்கத்து வீட்டில் பினாயில் ஊற்றிக் கழுவினாலும் எழுந்து போய் மோந்து பார்க்கிறேன். எந்தக் கம்பெனியின் சங்கு ஊதினாலும் இது ஷிப்டு சங்கா வேறு சங்கா என்று நின்று கேட்கிறேன். உன்னிடம் இதைச் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் இத்தனை நாளும் சொல்லவில்லை.

போன மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒத்திகை வைத்தார்கள். கேஸ் கசிந்து கூட்டமாக ஜனங்கள் வந்து விழுவது போல நடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், பிரியாணி பொட்டலம் உண்டு என்றதும் நானும் பக்கத்து வீட்டு புஷ்பவல்லியும் காத்திவாக்கத்திலிருந்து சில பெண்களும் போனோம். பாடம் எடுக்கிற தேவப்பிரியம் சிஸ்டர் ஆளுக்கு ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார், அவரவருக்கு என்ன நோவு என்று அதில் எழுதியிருக்கும். நர்சுகள் வந்து பார்த்து ரிப்பன் கட்ட வேண்டும், நடக்கிறவருக்குப் பச்சை, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, தலையை நிமிர்த்தி விட்டும் மூச்சு வராதவருக்குக் கருப்பு. கருப்பு கட்டினால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும், அங்கேயே நின்றால் பிழைக்கக்கூடியவரும் போய்விடுவார் என்பது பாடம். உனக்குத் தெரியாததா. என் அட்டையில் மூச்சு இல்லை என்று எழுதியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தரையில் கிடந்தேன். உன் அம்மாவின் கையை எனக்குத் தெரியாதா, தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள், என் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள், நானும் கிறுக்கன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன், மணிக்கட்டில் ரிப்பனைக் கட்டினாள், எழுந்து அடுத்த பெண்ணிடம் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் தள்ளிப் போவது கேட்டது.

புஷ்பவல்லியின் அட்டையில் கால் சுளுக்கு என்றுதான் போட்டிருந்தது. அவள் என் கையில் கருப்பைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். எழுந்து ஓடிவந்து, இன்னாம்மே ஃப்ளோரன்ஸு, கட்ன புருசனுக்கே கருப்பு கட்டிகினு திரும்பிப் பாக்காம போறியே, ஒனக்கு நெஞ்சுல ஈரம் கீதா என்று ஒரே கத்தல். அவள் கத்தியதும் காத்திவாக்கத்துப் பெண்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள், சிவப்பு கட்டியவர்கள் மஞ்சள் கட்டியவர்கள் எல்லாரும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். நம் ஜனங்களுக்கு ஒரு ஆள் தலையைச் சாய்த்துவிட்டால் சுற்றி உட்காரத்தான் தெரியும், தாண்டிப் போகத் தெரியாது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுந்து உட்கார்ந்தால், நீ படு நைனா என்று ஒருத்தி அமுக்குகிறாள். இதற்குள் வாசலில் நின்ற யாரோ செய்தியைப் பரப்பிவிட, அருள்பிரகாசம் கையில் மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கி, யோவ் மாமு உசுரோடத்தான் கீறியா, பேஜாரு பண்ணிட்டியே என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் அந்தப் பிரியாணியைத் தொடவே இல்லை. ஒங்களுக்குச் சிவப்பு கட்டிரலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேங்க, பக்கத்துல படுத்திருந்த பொண்ணுக்கு மூச்சு இருந்துச்சு, அதனாலதான் போனேன், நெசமா வந்தா என்னால முடியாது, நான் இந்தப் படிப்ப வுட்டுர்றேன் என்றாள். உன்னிடம் மறைக்க மாட்டேன் டெபோரா, எனக்கு அப்போது மனசுக்குள் சந்தோஷம்தான். விட்டுவிடு, ஓய்வு பெறுகிற வயதில் இதெல்லாம் எதற்கு என்று நானும் சேர்ந்து சொன்னேன். அடுத்த வாரம் சிஸ்டரிடம் சொல்லிவிடுவதாக இருந்தாள். நீ போனில் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டபோது அவள் பேச்சை மாற்றியது இதனால்தான்.

ஆனால் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அந்த நாற்றம் மறுபடியும் வந்தது. கண் எரிந்தது. நான் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுத் திரும்பினால் உன் அம்மாவைக் காணவில்லை, அன்றைக்கு அவளுக்கு டூட்டிகூடக் கிடையாது, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். வாசலில் கூட்டம் முட்டி மோதுகிறது, ஒரு ஆள் என் மச்சானை முதலில் பார் என்று கத்துகிறான், உன் அம்மா அவனை ஓர் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, சுவரோடு சாய்ந்து சத்தமே போடாமல் உதடு நீலம் பாரித்துக் கிடந்த ஒரு சின்னப் பெண்ணிடம் போனாள். அவளை யாருமே கவனிக்கவில்லை, உன் அம்மா ஒருத்திதான் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து என்னைக் கண்டுவிட்டாள். நான் இருமிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தில் வைக்க வேண்டிய ஆக்சிஜன் மாஸ்க் கையிலேயே இருக்கிறது, கண் என் மேல் இருக்கிறது. நான் இரண்டு கையையும் ஆட்டி எனக்கு ஒன்றுமில்லை, அதைப் பார் அதைப் பார் என்று கத்தினேன். அப்புறம்தான் குனிந்தாள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், இரண்டு நாளில் வீட்டுக்கும் போய்விட்டாள். பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பேப்பரிலும் சின்னதாகத்தான் போட்டான்.

எனக்குத்தான் அதிலிருந்து தூக்கமில்லை. அதுவரை அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன், இப்போது என்னால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. படிப்பை விட்டாலும் அவள் அந்த வாசலுக்கு ஓடத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பாடம் முடிக்காமல் ஓடுவதற்கு முடித்துவிட்டு ஓடட்டும். செவ்வாய்க்கிழமை காலை காபி குடிக்கும்போது சொன்னேன், ஃப்ளோரன்ஸ், நெசமாகவே ஒரு நாள் நான் அப்படிக் கிடந்தால் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு நீ போய்க்கொண்டே இரு, என்னிடம் நிற்காதே என்று. கரண்டியைத் தூக்கி எறிந்தாள். கலீஜுப் பேச்சு பேசாதய்யா என்று திட்டினாள், அடுப்படியில் போய் அழுதாள். நேற்று அவளாகவே கிளம்பி வகுப்புக்குப் போனாள். திங்கட்கிழமை கடைசித் தேர்வு. இப்போது உள்ளே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன்.

நீ ஈரத்தலையோடு டூட்டிக்குப் போகாதே. பயலுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடு. சாவியோ பனியில் வண்டியை மெதுவாக ஓட்டட்டும். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்படி ஒரு நாள் வந்து, நான் போய், உன் அம்மா மட்டும் இருந்தால், அப்பாவை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று நீ அவளிடம் ஒருபோதும் கேட்கக் கூடாது. போகச் சொன்னது நான்.

உன் அப்பா,
செல்வநாதன்