நுரை அடங்கும் முன்

ரெஹ்னுமா,

நீ விடுதியைக் காலி செய்துகொண்டு ரங்பூருக்குப் போன மறுநாளே உன் கட்டிலுக்குப் புதுப்பெண் வந்துவிட்டாள். நேற்று அவளையும் தன்மோண்டி காபிக் கடைக்கு அழைத்துப்போனோம். வழக்கம்போல ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல்டு காபி. ஆளுக்கொரு படம் எடுத்து முடிக்கும்வரை அவள் கிளாஸைத் தொடவே இல்லை. படம் எடுக்கும்வரை தொடாதே என்று உனக்கும் சொல்லித்தானே இருந்தோம்?

நீயோ அன்று காபி வந்ததும் எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாய். "அடிப்பாவி, நுரையெல்லாம் போச்சே! சோத்தையே பாக்காதவளாடி நீ?" என்று ஃபர்ஹானா கத்தினாள். முதலில் சிரித்தது நான்தான். விடுதியில் உனக்குப் 'பஞ்சம்' என்று பேர் வைத்ததும் நான்தான்.

உன் பங்கைக் கொடுப்பதற்காக நீ இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை விட்டது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால், "உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போகாமல் மொட்டைமாடியில் இருந்தது நாம் இரண்டு பேர்தானே.

நேற்று படங்கள் எடுத்து முடிப்பதற்குள் நுரை அடங்கிவிட்டது. "கசக்குதுடி" என்று ஒவ்வொருத்தியாகக் கிளாஸைத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்தோம்.

பரீட்சைக்கு வந்தால் என்னிடம் பேச வராதே.

இப்படிக்கு,
இன்னும் யாரும் பட்டப்பேர் வைக்காதவள்