ஐந்தாவது பெட்டி

ஜூலை 8
ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்றோரப் பாறைகளில் இருக்கும் ஏழு சென்சார் பெட்டிகளையும் இன்று புது முறைக்கு மாற்றி முடித்தேன். தண்ணீர் ஏறினால் அவை சொல்லும். உடனே பரிசல்களை நிறுத்துவார்கள். இதுவரை ஏழும் ஒரே சேனலில் பேசி, ஒன்றின் பேச்சை ஒன்று கெடுத்தன. இனி நான்கு சேனல். பெட்டிகள் நொடிக்கு நொடி சேனல் மாறும். ஆபீசில் கேட்கும் கருவியும் கூடவே மாறும். பெட்டிக் கடிகாரமும் ஆபீஸ் கடிகாரமும் ஒத்துப்போனால் போதும். முழங்கால் சிராய்ப்பு எரிகிறது.

ஜூலை 9
ஏழும் திரையில் பச்சை. மேலதிகாரி திருமால் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அதிசயம்!

ஜூலை 11, காலை
ஐந்தாவது பெட்டி: 1.42 மீட்டர். நேற்றுக் காலையும் அதே 1.42. ஓடை சேரும் இடம் அது, அப்படி அசையாமல் நிற்குமா?

நேற்றுத் தூறலில் அதற்கு மட்டும் பேட்டரி மாற்றினேன். அதில் நின்றுபோன கடிகாரத்தை அப்புறம் சரி செய்தேனா? — செய்யல. செய்யவேயில்ல. அது ஒரு சேனல்ல பேசுது, நாங்க வேற சேனல்ல கேக்கறோம். திரை பழைய நம்பரையே புடிச்சுக்கிட்டு பச்சையா நிக்குது. ஓடைத் தண்ணி வந்தா மத்தப் பெட்டிங்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மாதேஸ் ஆளேத்திக்கிட்டுப் பரிசல் எடுத்து அரை மணி ஆச்சு. சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா? — எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன் பாரு. போறேன்.

ஜூலை 11, சாயங்காலம்
சொல்லிவிட்டேன்.

"பச்சையாத்தானேம்மா காட்டுது?" என்றார் சார்.

"அது பொய்ங்க சார். தப்பு என்னுது."

கரைக்குப் போன் போட்டார். எல்லாப் பரிசலும் திரும்பின. நான் கரைக்கு ஓடினேன். மாதேஸ் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: "வெயில் இந்தக் காய் காயுது, தண்ணி எங்கடி வருது?"

தண்ணீர் வரவே இல்லை. மேலே ஏறிப் பார்த்தேன். பெட்டி ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது, 1.38. நேற்றிலிருந்து கேட்க ஆளில்லாமல் கத்தியிருக்கிறது. கடிகாரத்தைச் சரி செய்துவிட்டுப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணி வந்திருந்தா?

ஜூலை 12
மாதேஸ் பேசவில்லை.

ஜூலை 14
மெமோ வந்தது. வேலை போகவில்லை. வீட்டில் இன்னும் பேச்சில்லை.

ஜூலை 15
கரையிலிருந்து மாதேஸ் போன். "ஆளு உக்காந்தாச்சு. அஞ்சாவது பெட்டி நம்பர் மாறுதா? நீ சொன்னாத்தான் எடுப்பேன்."

பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். "மாறுதுங்க, எடுங்க" என்றேன்.

அவர் கரைக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. என் ஒரு சொல்லை நம்பி ஆற்றில் போனவர். இதற்குப் பேசாமல் இருந்த மூன்று நாளே தேவலாம் போலிருந்தது.